கலக்காத இரண்டு தண்ணீர்

"அந்த வரி இருக்கட்டும் சுகந்தி."

"வேண்டாம் சார். எடுத்துடலாம்."

"ஏன்?"

"நூத்துல ஒண்ணோ ரெண்டோ அப்படி வரும். அதுக்காக எல்லா டாக்டரையும் குழப்பணுமா?"

ஆய்வுக்கூடத் தலைவர் ஆரோக்கியதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், கண்ணாடியைத் துடைப்பார். "நூத்துல ஒண்ணுன்னாலும், அதுவும் யாரோ பெத்த பொண்ணுதானேம்மா?"

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தை இங்கயும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அத்தோடு தோற்றும்விட்டார். "கண்டுபிடிச்சவ நீ. பேரும் உன்னுது, பொறுப்பும் உன்னுது" என்று பென்சிலை அவள் பக்கம் தள்ளினார். அவள்தான் தன் கையால் சோதனைக் கையேட்டிலிருந்து அந்த வரியை அடித்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. தாஸ் இப்போது கனடாவில் மகன் வீட்டில் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் சுகந்திக்குத் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை காலையில், சிங்காநல்லூர் வீட்டுச் சமையலறையில். இட்லிக் குண்டானில் ஆவி தள்ளிக்கொண்டிருந்தது. கையில் முல்லையின் கைப்பேசி. அதில் முல்லையின் 'தடம்' ரத்தச் சோதனை ரிப்போர்ட்.

*பிற அணுக்கள்: உண்டு. ஆண். முந்தைய கர்ப்பம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.*

"அம்மா, நீ கண்டுபிடிச்ச தண்ணி பொய் சொல்லுது" என்று முல்லை சிரித்தாள். இருபத்தெட்டு வயது. மெட்ரோ ரயிலில் தண்டவாளப் பொறியாளர். அரை மில்லிமீட்டர் விரிசலைக் கண்டுபிடித்தால் ஊருக்கே போன் போடுகிறவள். "எனக்குத் தெரியாம எனக்கு ஒரு கர்ப்பமாம். கேட்டியா கூத்தை?"

சுகந்தி சிரிக்க முயன்றாள். அடுப்பை அணைத்தாள்.

தடம் சோதனை வந்த காலத்தில் அது நல்ல காரியத்துக்காகத்தான் வந்தது. குழந்தை சுமந்த பெண்ணின் ரத்தத்தில் அந்தக் குழந்தையின் உயிரணுக்கள் சில, பிரசவம் முடிந்து முப்பது நாற்பது வருஷம் ஆனாலும் தங்கியிருக்கும். சிலருக்கு மூட்டு வலியும் தைராய்டும் அதனால் வருகிறதா என்று பார்க்கவே சுகந்தி அதை உருவாக்கினாள். பிறகு கல்யாணத் தரகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 'மணமகள் ஏற்கெனவே கர்ப்பம் தரித்தவளா?' என்ற கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் கிடைக்கிறதென்றால் யார் விடுவார்கள்? இரண்டே வருஷத்தில் ஜாதகத்துக்குப் பக்கத்தில் தடம் ரிப்போர்ட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. பையன்களுக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. அவர்கள் யாரையும் சுமப்பதில்லை.

அடுத்த மாதம் முல்லைக்கும் பிரணவுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றுவதாக இருந்தது. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி என்று பொருள். "ஊரே எடுக்குது சம்பந்தி, நாம மட்டும் எடுக்கலைன்னா பேசுவாங்க. அதுவும் கண்டுபிடிச்சதே நீங்கதானுங்களே" என்று பிரணவின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். மறுக்க வழியில்லாமல் போயிற்று.

"நீதானே செஞ்சது? எப்படி இப்படி வந்துச்சு, சொல்லு" என்றாள் முல்லை.

சுகந்திக்கு அந்தக் கணமே தெரியும். அடித்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? *பெண்ணின் ரத்தத்தில் ஆண் அணுக்கள் இருந்தால் அது அவளுடைய கர்ப்பத்தால் மட்டும் என்று கொள்ளக்கூடாது. அவளுக்கு முன்பு அவள் தாய் சுமந்த குழந்தையிடமிருந்து, தாய் வழியாகவும் வந்திருக்கலாம்.*

"ரத்தம் மாறியிருக்கும். இன்னொரு தடவை எடுக்கலாம்" என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பூபதிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. பீளமேட்டில் மோட்டார் பம்புக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறார். "என்ற அம்மிணியப் பத்தி ஒரு கண்ணாடிக் குழாயா எனக்குச் சொல்லோணும்? அந்தக் காகிதத்துல சுண்டல் கட்டித் தின்னுட்டு வேலையைப் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குரலில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட சுகந்திக்குத் தாங்க முடிந்திருக்கும்.

இரண்டாம் முறை எடுத்ததும் அதே பதிலோடு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரணவ் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். நல்ல பையன். கூச்சக்காரன். வந்தவன் இரண்டு பழச்சாறு டப்பாவோடு வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒருதடவை காட்டறீங்களா அத்தை? அம்மாகிட்ட எடுத்துச் சொல்றதுக்கு."

சுகந்தி இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் இருந்தது தெளிந்த தண்ணீர் போலத்தான் இருந்தது.

"இது சர்க்கரைப் பாகுல ஒரு கிருமியை வளர்த்தா கிடைக்கிற பாலிமர். நீளமான சங்கிலி. அது மலச்சிக்கல் மருந்துல போடுவாங்களே, அந்தப் பாலிமர்."

"மலச்சிக்கல் மருந்தா?"

"ஆமா தம்பி. அதுல பாதி ஊரு பொழைக்குது." அவன் சிரித்தான். அவள் இரண்டையும் ஒரு குழாயில் ஊற்றிக் குலுக்கினாள். தெளிவாக இருந்தது பால் மாதிரி கலங்கியது. "ரெண்டும் தண்ணில நல்லாக் கரையும். ஆனா ரெண்டையும் அளவுக்கு மேல ஒண்ணாப் போட்டா, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. கொஞ்ச நேரத்துல பாருங்க."

பால் மெல்லத் தெளிந்தது. குழாயின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர்.

"எண்ணெயும் தண்ணியும் மாதிரியா?"

"இல்ல. எண்ணெய் அணுக்களைக் கொன்னுடும். இங்க ரெண்டு பக்கமும் தண்ணிதான், அதனால அணு உயிரோட இருக்கும். ரத்தத்தை விட்டா, அந்தப் பெண்ணோட சொந்த அணுக்கள் கீழே போயிடும். வெளியிலருந்து வந்து குடியேறினது மேலே நிக்கும். மேல் தண்ணில அதுக்குன்னு ஒரு பிடிமானம் வெச்சிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டா?"

"சங்கிலிங்க விலகிடும். கோடு மறைஞ்சு ஒண்ணாயிடும்."

"அப்ப மனுஷங்களும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தா…"

"தம்பி, இது வேதியியல். குடும்பத்துக்கு இதுல உவமை தேடாதீங்க."

அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு எதுவா இருந்தாலும் பரவாயில்லை அத்தை. நான் அவளை மன்னிச்சுட்டேன். அவகிட்டயும் இன்னிக்குச் சொல்லிடப் போறேன்."

தப்பே செய்யாதவளை இவன் மன்னிக்கிறானே என்று நினைத்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அவன் கொடுத்த பழச்சாற்றைக் குடித்தாள். 'பரவாயில்லை தம்பி, நீங்க நல்ல மனசுக்காரர்' என்று அவள் வாய் சொன்னது. அதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை முல்லை அவனிடம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தாள். "செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுக்கறான்மா. நான் அதைக் கைநீட்டி வாங்கிக்கணுமாம். அவன் சந்தேகப்பட்டிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன். பெருந்தன்மையோட சண்டை போட முடியுமா?" என்றாள். அழவில்லை. அன்றைக்குப் பூபதி ஆட்டுக்கறி எடுத்துக்கொண்டு வந்து, தானே வெங்காயம் உரித்து, தானே சமைத்து மகளுக்கு ஊட்டாத குறையாகப் பரிமாறினார். சுகந்திக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

யாரிடம் சொல்ல முடியும்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் சித்தி. அவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. இருபத்து மூன்று வயதில், ஆராய்ச்சி மாணவியாகச் சென்னையில் இருந்தபோது, கூடப் படித்தவன் ஒருவனைச் சுகந்தி நம்பினாள். அவன் வெளிநாட்டு வாய்ப்பு வந்ததும் போனான். போன பிறகுதான் கர்ப்பம் என்று அவளுக்கே தெரிந்தது. வீட்டில் 'பிராஜெக்ட்' என்று சொல்லிவிட்டு மங்களூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதிக்குச் சித்திதான் அழைத்துப் போனார். ஆண் குழந்தை. நான்கு நாள் கூட இருந்தான். தும்மினால் இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல் தும்முவான். ஐந்தாம் நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷம் கழித்துப் பூபதியைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது.

அந்த வரியை அவள் அடித்தது டாக்டர்கள் குழம்புவார்கள் என்பதற்காக இல்லை. அந்த வரி இருந்தால், ரிப்போர்ட்டைப் படிக்கிறவன் பெண்ணை விட்டுவிட்டு அவளைப் பெற்றவளைப் பார்ப்பான். அவ்வளவுதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரோ முகம் தெரியாத பெண்களை முன்னால் நிறுத்தினாள். அதில் ஒருத்தியின் முகம் தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் முல்லை வேலைக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"பத்தொம்பது வயசுல எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணினாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன்?"

"அன்னிக்கு மயக்க மருந்துல ரெண்டு மணி நேரம் இருந்தேன். அப்புறம் மூணு மாசம் எனக்கு நாள் தள்ளிப் போச்சு. ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் ஆகும்னு நீ சொன்னே." அவள் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் இருந்தது, ரயில் வழித்தட அறிக்கை வாசிக்கிற மாதிரி. "எனக்குத் தெரிஞ்சு யாரும் என்னைத் தொட்டதில்லை. அப்ப எனக்குத் தெரியாம யாரோ தொட்டிருக்கணும். வேற வழியில்ல இல்லையா? அன்னிக்கு டூட்டில இருந்த டாக்டர், உதவியாளர் ரெண்டு பேர், மூணு பேரோட பேரும் வாங்கிட்டேன். போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி, சோதனை தப்பாகாதுன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடும்மா."

உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்போதுதான் சுகந்தி கவனித்தாள். இந்த வெயிலில் மகள் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். நகத்தைச் சதை தெரியக் கடித்திருந்தாள்.

"பதினோரு நாளா இதையா யோசிச்சுட்டு இருந்தே?"

"குளிக்கிறப்ப எல்லாம் யோசிக்கிறேன்மா. என்ற உடம்பைத் தொடவே எனக்கு அருவருப்பா இருக்கு."

சுகந்தி எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து மகளைத் தொடப் போனாள். தொடுவதற்குத் தனக்கு என்ன தகுதி என்று கை பாதியில் நின்றது.

"யாரும் உன்னைத் தொடலை அம்மிணி. அது உன்ற அண்ணன்."

முல்லைக்குப் புரியவில்லை. "எந்த அண்ணன்?"

"உனக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தான். கல்யாணத்துக்கு முன்னாடி. கொடுத்துட்டேன். அவனோட அணு என்ற ரத்தத்துல இருந்துச்சு. நீ வயித்துல இருந்தப்ப எங்கிட்டருந்து உனக்கு வந்திருக்கு. அவ்வளவுதான். உனக்கு ஒண்ணும் ஆகலை. உனக்கு ஒண்ணுமே ஆகலை கண்ணு."

முல்லை முதலில் விட்டது ஒரு நீண்ட மூச்சு. முழுக்கைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். பதினோரு நாள் அழாத அழுகை. அது அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சுகந்தி தன் ஆயுளில் மறக்கமாட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரிப்போர்ட் பார்த்த அன்னிக்கே."

"இட்லி வெந்துட்டு இருந்துச்சே, அப்பவா?"

"அப்பவேதான்."

"பிரணவ் வந்தானே?"

"சொல்லலை. நல்ல மனசுக்காரர்னு சொன்னேன்."

முல்லை ஒரு மாதிரி சிரித்தாள். "இப்படியும் வர வாய்ப்பு இருக்குன்னு கையேட்டுல எங்கயுமே இல்லையே. நான் மூணு தடவை படிச்சேன்."

"இருந்துச்சு. நான்தான் அடிச்சேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்கே புரிந்துவிட்டது. "எத்தனை பேர் அம்மா?"

"என்ன?"

"என்னை மாதிரி. உண்டு, ஆண்ணு ரிப்போர்ட் வாங்கின கல்யாணமாகாத பொண்ணுங்க. எத்தனை பேர்?"

"எட்டாயிரத்துக்கு மேல. அதுல எத்தனை பேருக்கு அண்ணன்னு தெரியாது."

"அதுல எத்தனை பேர் இப்படி முழுக்கைச் சட்டை போட்டுட்டு உக்காந்திருக்காங்களோ." உறையையும் காகிதத்தையும் நான்காகக் கிழித்தாள். "அந்த வரியைத் திருப்பிப் போடு. சும்மா போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. அத்தாட்சியோட போடு."

அத்தாட்சி என்றால் ஒன்றுதான். தாயின் ரத்தத்தில் இருக்கும் அணுவும் மகளின் ரத்தத்தில் இருக்கும் அணுவும் ஒரே பையனுடையவை என்று காட்ட வேண்டும். சுகந்தி தன் உதவியாளர் ரெஹானாவைக் கூப்பிட்டாள். ரெஹானா படிவத்தை நீட்டினாள். எத்தனை பிரசவம் என்ற கட்டத்தில் சுகந்தி இத்தனை காலமும் எங்கு போனாலும் 'ஒன்று' என்றே எழுதியவள். பல் டாக்டரிடம்கூட. இன்றைக்கு 'இரண்டு' என்று எழுதினாள். ரெஹானா அதைப் படித்தாள். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல், "வலது கையா, இடது கையா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த மரியாதை அறைந்ததைவிட அதிகமாகச் சுட்டது.

அம்மாவின் ரத்தம் விட்ட குழாயில் கோடு விழக் கால் மணி நேரம் ஆயிற்று. முல்லை குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேல் அடுக்கில் புகை மாதிரி ஒரு மங்கல்.

"இதுல நான் எது? அவன் எது?"

"இந்தக் குழாய்ல தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேலே நிப்பீங்க. மரபணு பார்த்தாத்தான் பிரிக்க முடியும்."

முல்லை கோடு கலையாமல் குழாயைத் தாங்கியில் திரும்ப வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் மரபணுவும் ஒத்துப்போனது. ஒருவனே. சுகந்தி சோதனையை விற்கும் நிறுவனத்துக்குத் தன் பெயரில் கடிதம் எழுதினாள். அடித்த வரியையும், அடித்த காரணத்தையும், அத்தாட்சியையும் சேர்த்து. எட்டாயிரம் பேருக்கும் அனுப்பச் சொல்லி, மருத்துவப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி. நாளைக்கு ஊர் படிக்கும். அதற்கு முன் படிக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார்.

பட்டறையில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பூபதி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. எண்ணிக்கை விட்டுப்போனால் முழுவதையும் பிரிக்க வேண்டும். முப்பது வருஷத்தில் சுகந்தி அந்த விதியை மீறியதில்லை. இன்றைக்கு அவர் நூற்று நாற்பதில் இருந்தபோது பேச ஆரம்பித்தாள். நின்றால் மறுபடி தைரியம் வராது. சென்னை, மங்களூர், நான்கு நாள், காகிதம், அடித்த வரி, பதினோரு நாள். ஒன்றையும் விடவில்லை. முல்லை கதவருகில் நின்றாள், அம்மா பக்கமும் இல்லாமல் அப்பா பக்கமும் இல்லாமல்.

பூபதியின் கை நின்றது. கம்பியின் நுனியை விரலில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"அம்மிணிய பதினோரு நாள் அப்படி உட்டுட்டியா?" என்றார் முதலில்.

"ஆமாங்க."

"அவ மூஞ்சியப் பாத்துட்டே?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னால நடந்தது… அதைச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை. சின்ன வயசு. எந்திரிச்சுப் போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் முப்பது வருஷம். ஒரு நாளாச்சும் சொல்லோணும்னு உனக்குத் தோணலையா? என்னை என்ன ஆளுன்னு நெனச்சு நீ எங்கூடக் குடித்தனம் பண்ணினே?"

தரையில் செம்புத் துணுக்குகள் மின்னின. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சுற்றியதைப் பிரிக்கத் தொடங்கினார். சுற்றுகள் வளையம் வளையமாக மடியில் விழுந்தன. பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"சரி. எங்கிட்ட இப்ப என்ன கேட்டு வந்திருக்கே? மன்னிப்பா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம், ஆட்டோவில், அந்தச் சொல்லைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். மகளிடம் ஒரு தடவை, இவரிடம் ஒரு தடவை. ஆனால் மன்னிப்பு என்ற சொல் இன்றைக்கு யாரிடமும் கேட்கத் தகாத சொல்லாகத் தோன்றியது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. முப்பத்து மூன்று வருஷமாக, சாமி முன்னால் நிற்கும்போதுகூட வாய்க்குள்ளேயே கடித்து நிறுத்தியது. இந்த நேரத்தில் அதைக் கேட்பதற்கு வெட்கமில்லையா என்று அவளே தன்னைக் கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. கதவருகில் முல்லை ஒரு அடி உள்ளே எடுத்து வைத்ததைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

"அவனை ஒருதடவை பாக்கோணுங்க" என்றாள் சுகந்தி. "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"